கல்லின் மேல் நின்று படிக்கும் வரி

பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாசனை வந்தால் உன் ஞாபகம் வருகிறது என்று எழுதினால் நீ சிரிப்பாய். "மல்லிப்பூ வாசனைன்னு எழுதேன்டா, கொஞ்சம் கௌரவமா இருக்கும்" என்பாய். பொய் எழுத எனக்கு வராது. தின்னர்தான்.

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது. போட்டுகள் கரையேறி, மூக்கை ஊர்ப்பக்கம் நீட்டிப் படுத்திருக்கின்றன. எஞ்சினைக் கழற்றுகிறவன், ஃபைபர் ஒட்டுகிறவன், பழைய பெயின்ட்டைத் தேய்க்கிறவன் என்று எங்கள் குப்பமே ஒரு பட்டறையாகிவிட்டது. இன்று காலை கடல் மேல் ஒரு வெண்மை படர்ந்திருந்தது. எது தண்ணீர், எது வானம் என்று பிரிக்க முடியாத வெண்மை. அதற்குள்ளிருந்து அந்த வாசனை வந்தது. ஏதோ ஒரு போட்டுக்குப் பின்னால் நீ பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு குந்தியிருக்கிறாய் என்று ஒரு கணம் உண்மையாகவே நம்பினேன். நடையைக்கூட வேகமாக்கினேன்.

அங்கே இருந்தது வேறு ஒரு பெயின்டர். கையில் உப்புத்தாள்.

"ண்ணா, இத்த தேச்சிடவா? உங்க மாமாகிட்ட கேட்டா கடலப் பாத்துகினு நிக்கிறாரு."

அவன் காட்டிய இடத்தில் உன் எழுத்து, மாமாவின் போட்டு மூக்கின் ஒரு பக்கக் கன்னத்தில்:

உன்கூட வந்தவன் எங்கே

"இரு, கேட்டுச் சொல்றேன்" என்று அவனை நிறுத்திவிட்டு வந்தேன். இன்னும் கேட்கவில்லை. மாமா தேய்க்கச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று தெரியாததால், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அப்புறம் நான் சிவில் படிக்கப் போனேன், நீ ஓவியக் கல்லூரிக்குப் போனாய். நான் உன் படங்களைப் பார்த்து "இந்தக் கட்டடம் நிக்காது மாமு, அடியில தூணே இல்ல" என்பேன். நீ என் வரைபடங்களைப் பார்த்து "இதுல ஒரு காக்கா கூட இல்லியே" என்பாய். அவ்வளவுதான் நமக்குள் நடந்த கலை விவாதம்.

அந்தக் கண்காட்சி நினைவிருக்கிறதா? சமூகத்தின் பிளவுகளைப் பற்றிப் படம் வேண்டும் என்று நகரத்தின் தெற்கிலிருந்து யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள். நீ எங்கள் கரையை வரைந்து கொடுத்தாய். வெள்ளைச் சுவர், ஏசி, சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகளில் ஜூஸ். ஒரு அம்மா என்னிடம் வந்து "இந்தப் படம் உங்களை என்ன செய்கிறது?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் செய்யலங்க. ஏசி நல்லா கீது" என்றேன். பீச் ஸ்டேஷன் வரும்வரை ரயிலில் நீ சிரித்தாய். ராயபுரத்தில் இறங்கும்போது சொன்னாய்: "பிரிஞ்சி கெடக்கிறவன் ஒருத்தன் கூட அங்க வரமாட்டான் மாமு. வராதவன் கண்ணுல படுற எடத்துல எழுதணும்."

பிரிந்து கிடந்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். கடல் அரிக்கிறது என்று கல் கொட்டினார்கள். தூண்டில் வளைவு என்று அழகான பெயர். கரையிலிருந்து கடலுக்குள் வளைந்து போகும் கருங்கல் வரிசை. இந்தப் பக்கத்துக் கடலில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகரும். குறுக்கே கல் விழுந்தால் தெற்கே மணல் தங்கும், வடக்கே கரை கரையும். யாருடைய சூழ்ச்சியும் இல்லை, இயற்பியல். ஆனால் வீட்டை இழந்தவனிடம் போய் இயற்பியல் என்று சொல்லிப் பார், தெரியும். நான் சொல்லிப் பார்த்தேன்.

கல்லுக்குத் தெற்கே எங்கள் குப்பம். பிள்ளைகள் கபடி ஆடுகிற அளவுக்குக் கரை வந்தது. வடக்குக் குப்பத்தில் ஒரு வரிசை வீடு தண்ணீருக்குள் போனது. அதில் ஒன்று என் சித்தியின் வீடு. போட்டு ஏற்றவும் அங்கே இடமில்லை. சித்தப்பா மாமாவிடம் வந்து, எங்கள் மணலில் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். மாமா, "சங்கத்துல ஒரு வார்த்தை கேக்கணும் மச்சான்" என்றார். "எங்க மணலு மேல நின்னுகினு எங்களுக்கே சங்கமா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். ஒரே கோயிலில் ஊற்றிய ஆடிக் கூழ் ரெண்டு பானையானது, ரெண்டு ஒலிபெருக்கியானது. சித்தி எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

நீ மாதா கோயில் தெருக்காரன். உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ரெண்டு குப்பத்திலும் உனக்கு மாமன் மச்சான் கிடையாது. அதனால் ரெண்டு குப்பத்திலும் உனக்கு வேலை கிடைத்தது. போன தடைக்காலத்தில் வடக்கே காலை, தெற்கே மாலை என்று போட்டுகளுக்குப் பெயர் எழுதினாய், மீன் வரைந்தாய், கேட்டவர்களுக்கு அம்மன் வரைந்தாய். கேட்காமலே ஒவ்வொன்றிலும் ஒரு வரி வைத்தாய்.

மாமா அதைப் பார்த்துக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "டேய் நைனா, இன்னாடா எய்தி வெச்சிகீற? எவன்கூட வந்தேன் நான்? போலீஸ்காரன் கேக்குற மாரியே கீது!"

"நல்லா கீதா இல்லியா, அத்த சொல்லு மாமா."

"நல்லாத்தான் கீது. அந்தாண்ட கன்னத்துல ஒண்ணுமே எய்தல? பெயின்ட் தீந்துபோச்சா?"

"ஒரு பக்கம் போதும் மாமா. ரெண்டு பக்கமும் பேசுனா போட்டுக்குத் தலைவலி வந்துரும்."

மாமா சிரித்துவிட்டார். நீ எல்லோரிடமும் அப்படித்தான் தப்பித்தாய்.

நான் அப்போதுதான் ஒரு ஒப்பந்தக்காரரிடம் கரையை அளக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். முக்காலியில் கருவியை நிறுத்தி, கண்ணாடி வழியே பார்த்து, கரை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று குறிக்கவேண்டும். ஒரு நாள் தூண்டில் வளைவு கரையைத் தொடும் இடத்தில், கல்லின் மேல் முக்காலியை வைத்தேன். வடக்கே திருப்பினேன். சாலையோரம் இடுக்கி ஏற்றியிருந்த சித்தப்பாவின் போட்டு கண்ணாடிக்குள் பெரிதாக வந்து நின்றது. வெயிலில் எழுத்து தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் ஆடியது. அலை வந்து கேட்கும். அவ்வளவுதான் வரி. சரி என்று தெற்கே திருப்பினேன். மாமாவின் போட்டு. உன்கூட வந்தவன் எங்கே.

மறுபடியும் வடக்கே. மறுபடியும் தெற்கே. வடக்குப் போட்டுகளில் எல்லாம் தெற்கைப் பார்த்த கன்னத்தில் எழுதியிருந்தாய். தெற்குப் போட்டுகளில் வடக்கைப் பார்த்த கன்னத்தில். எழுத்தின் உயரம் ஒன்று, சாய்வு ஒன்று. வேறு ரெண்டு போட்டுகளைப் பார்த்தேன். மணலுக்குப் பெயர் இல்லை, என்றது வடக்கு. நடந்தவன் காலில் ஒட்டிக்கொள்ளும், என்றது தெற்கு. இன்னும் ரெண்டு. வலையில் இருப்பது ஓட்டை அல்ல. கடலுக்கு விட்ட வழி. அன்று நான் கரையை அளக்கவே இல்லை. கல்லில் அலை மோதி, தூறலாக முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. ரெண்டு குப்பமும் தூக்கத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. நடுவில் நான் மட்டும் முழித்திருந்தேன்.

டீக்கடையில் உன்னைப் பிடித்தேன். "பாதி பாதியா எழுதி வெச்சிருக்க. எவனுக்குடா புரியும்?"

"உனக்குப் புரிஞ்சிதே."

"நான் கல்லு மேல கருவியோட நின்னேன். வேற எவன் அங்க வந்து நிப்பான்?"

"அங்க நின்னாத்தான் படிக்க முடியும்னு ஆக்கிட்டாங்க. அத்த நானா போட்டேன்?" டீயை ஊதினாய். "சொல்லிடாத மாமு. எந்த வரி யாரோட ஜோடின்னு தெரிஞ்சா இன்னிக்கே அழிச்சிடுவானுங்க. அவனுங்களே படிச்சிக் கண்டுபுடிச்சா அழிய உட மாட்டானுங்க."

"எப்போ படிப்பாங்க?"

"உனக்கு எல்லாத்துக்கும் தேதி வேணும்."

ஆமாம், வேணும். எனக்கு அப்படித்தான் வேலை. ஆனால் நான் சொல்லவில்லை. ஐப்பசியில் ஒரு பகல், எண்ணூர் சாலையில், கன்டெய்னர் லாரிக்கும் தடுப்புக்கும் நடுவில் உன் வண்டி போனது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். உன்னைக் கல்லறையில் வைத்த அன்று வடக்கும் தெற்கும் வந்தன. உன் குழிக்கு ரெண்டு பக்கமும் தனித்தனியாக நின்றன.

அடுத்த மாதம் புயல். நீ பார்க்கவில்லை, அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

வடக்கே சாலையைத் தாண்டி அலை வந்தது. போட்டுகளை அங்கே வைத்தால் கல்லில் அடித்து நொறுங்கிவிடும். மத்தியானம், மழைக்குள்ளே, அவர்கள் போட்டுகளைக் கல்லைச் சுற்றித் தண்ணீர் வழியாகவே எங்கள் பக்கம் கொண்டுவந்தார்கள். யாரும் அனுமதி கேட்கவில்லை. புயலில் கயிறு யாருடையது என்று கேட்கிற வழக்கம் இந்தக் கரையில் கிடையாது. வந்து விழுந்த கயிற்றைப் பிடிக்கவேண்டும். மாமாதான் முதல் கயிற்றைப் பிடித்தார். "இழு! இழுடா பேமானி, வேடிக்கையா பாக்குற?" என்று என்னைத் திட்டினார். டிராக்டர் வைத்து, எது முதலில் வந்ததோ அதை முதலில் ஏற்றினோம். வடக்கு ஒன்று, தெற்கு ஒன்று, எல்லா மூக்கும் ஊர்ப்பக்கம் பார்க்க, ரெண்டு குப்பமும் கலந்து நின்றன.

மழை கொஞ்சம் விட்டதும் ஜனங்கள் படிக்க ஆரம்பித்தார்கள். பக்கத்துப் பக்கத்துப் போட்டுகளின் கன்னங்கள் விரித்த புத்தகம்போல் எதிரெதிரே இருந்தன. ஆனால் வரிசை தப்பு! ஜோடி மாறி நின்றுவிட்டது. வலையில் இருப்பது ஓட்டை அல்ல, நடந்தவன் காலில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருத்தன் உரக்கப் படித்தான். "இன்னாடா ஒட்டிக்கும், சுவிங்கமா?" என்று இன்னொருத்தன் கேட்க, நனைந்துபோன அத்தனை பேரும் சிரித்தார்கள், ரெண்டு பக்கத்தாரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு, மாற்றி நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன்.

அப்போது சித்தப்பாவின் போட்டு முன்னால் நின்ற வடக்குக்காரர் ஒருவர் மெதுவாகப் படித்தார். அலை வந்து கேட்கும், கடலுக்கு விட்ட வழி. "கேட்டுச்சே" என்றார். "எங்க தெருவக் கேட்டுச்சே." யாரும் சிரிக்கவில்லை. நீ அந்த வரியை எழுதவே இல்லை. ரெண்டு போட்டு சேர்ந்து எழுதியது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மாமாவின் போட்டுக்குப் பக்கத்தில் மணலுக்குப் பெயர் இல்லை என்று இருந்தது. மணலுக்குப் பெயர் இல்லை, உன்கூட வந்தவன் எங்கே. எனக்கு உன் குழிதான் தெரிந்தது. மாமா அதைப் படித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே ஒவ்வொரு போட்டாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். கடைசியில் சித்தப்பாவின் போட்டு. உதட்டசைத்துப் படித்தார்: அலை வந்து கேட்கும். திரும்பித் தன் போட்டைப் பார்த்தார். சித்தப்பா தள்ளி நின்று பீடி பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்; நனைந்த தீப்பெட்டி. மாமா தன் லைட்டரை நீட்டினார். கடல் தணிந்ததும் வடக்குப் போட்டுகள் போய்விட்டன. வருகிற ஆடிக்கும் ரெண்டு பானைக் கூழ்தான். புயல் வந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய்.

பெயின்டர் கூப்பிடுகிறான். போய்விட்டு வருகிறேன்.

போனேன். மாமா போட்டருகில் நின்றிருந்தார். நான் கேட்பதற்குள் அவனே கேட்டுவிட்டான். மாமா, "தேச்சிடு. பழசு மேலேயே அடிச்சா புடிக்காது" என்றார். உப்புத்தாள் உன் முதல் எழுத்தின்மேல் போனது.

"தேச்சிட்டு, புதுசா அத்தையே எய்து" என்றார் மாமா. "அதே எடம். அதே மாரி."

"அந்தாண்ட கன்னத்துல?"

"வாணாம்."

பெயின்டர் தள்ளி நின்று பார்த்தான். "ஒரு மாரி மொட்டையா கீதே மாமா. முன்னாடி ஏதாச்சும் சேத்து எய்தட்டா?"

மாமா தாடையால் வடக்கைக் காட்டினார்.

"முன்னாடி கீறது அங்க கீது. நீ இத்த மட்டும் எய்து."

பெயின்டரைத் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஓடி, வரைபடம் எடுக்கும் மெல்லிய தாளைக் கொண்டுவந்து உன் எழுத்தின்மேல் ஒட்டிப் படியெடுத்துக் கொடுத்தேன். சாய்வு மாறக்கூடாது. அது எனக்குத் தெரிந்த வேலை.

நாளை மறுபடியும் கல்லின் மேல் நிற்கவேண்டும், அளக்கும் வேலை இருக்கிறது. காலையில் அந்த வெண்மை வரும். அலை வந்து கேட்கும். கேட்கிற கேள்வி எனக்குத் தெரியும், பதில் தெரியாது. கருவியை வடக்கே திருப்பி அந்தப் பாதியைப் படிப்பேன். தெற்கே திருப்பி இந்தப் பாதியைப் படிப்பேன். நடுவில் கருவி திரும்புகிற அந்தச் சின்ன நேரம் இருக்கிறதே, கண்ணாடியில் கல்லும் தண்ணீரும் மட்டும் கலங்கலாக ஓடும் நேரம், அதில் நீ குந்தியிருப்பாய், பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு. அதனால்தான் மாமு, இப்போதெல்லாம் நான் மெதுவாகத் திருப்புகிறேன்.