போட்டோ மூலையில் ஆரஞ்சு தேதி

தொம்மலூர், பெங்களூர்
21-4-2002

அன்பு மகன் சஞ்சய்க்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை தாரணி எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று உன் கடிதம் சொன்னதை விட உன் போட்டோக்கள்தான் நன்றாகச் சொல்லின, அதற்காகவே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறு வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. தாரணிக்கு மட்டும் கம்ப்யூட்டரில் ஒரு வரி, வேலை அதிகம் என்று. நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். காய்ச்சலில் கிடக்கிறாயோ, காரில் அடிபட்டாயோ, இல்லை அமெரிக்காவிலேயே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு எங்களிடம் சொல்லப் பயப்படுகிறாயோ என்று. பெண்ணாக இருந்தால் பரவாயில்லை என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன், நீயே பார்த்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை தபால்காரர் அந்தக் கெட்டிக் கவரைக் கொடுத்ததும் கிழித்துப் பிரித்தேன். உள்ளே நாலு வரிக் கடிதம், முப்பத்தாறு போட்டோ. முதல் போட்டோவிலேயே உன் முகம், வேறொரு படகிலிருந்து யாரோ எடுத்தது போலிருக்கிறது, கறுத்துப் போயிருக்கிறாய், தாடி வேறு, ஆனால் சிரிக்கிறாய். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் நீ எதில் உட்கார்ந்திருக்கிறாய் என்று பார்த்தேன். காலை நீட்டி உட்கார்ந்தால் அதற்கு மேல் இடமில்லாத ஒரு ஒல்லிப் படகு, அதன் பெயர் கயாக்காம், சுற்றிலும் தண்ணீர். பக்கெட் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் தெருவே கேட்கிற மாதிரி கத்துகிற பிள்ளை, அல்சூர் ஏரியில் போட்டில் ஏற்றியதற்கு அலெக்சாண்டர் மாமாவின் கழுத்தை நெரித்துக்கொண்டு அழுத பிள்ளை, நீச்சலும் தெரியாது, நீ தனியாகக் கடலோரத்துக் காயலில் துடுப்பு போடுகிறாயா? போட்டோவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கே ஓடினேன். மாமா பட்டாளத்தில் பாலம் கட்டுகிற பிரிவில் இருந்தவர், தண்ணீரையும் படகையும் பற்றி அவரை விட்டால் எனக்கு யாரைத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தக் காயல்ல இடுப்பு மட்டும்தான் தண்ணி இருக்கும், அந்தப் பறவைங்க நின்னுகினு இருக்கறதப் பாருங்க. கவுந்தாலும் எழுந்து நின்னுக்கலாம். மிதக்கற ஜாக்கெட் வேற போட்டுகினு இருக்கான், முழுகவே மாட்டான்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அதற்கப்புறம் நிம்மதியாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்தக் கடல்பசு எனக்கு மிகவும் பிடித்தது, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த உன் பெரியப்பா மாதிரியே இருக்கிறது. அல்சூர் ஏரிக்கு வருமே, அலகுக்குக் கீழே பை வைத்த பறவை, அதுவும் அங்கே இருக்கிறது என்று பார்த்ததில் ஏதோ நம் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி ஆறுதல். ரோஸ் நிறப் பறவைகளை அப்பா பெயின்ட் அடித்தது என்று சாதித்தார். முதலையை ஏன் அவ்வளவு கிட்டத்தில் எடுத்தாய் என்று மட்டும் எழுது, இல்லை எழுதாதே. சாம்பல் நிறக் கொக்கு ஒன்று நாலு படத்தில் வருகிறது, முதலில் தூரத்தில், பிறகு கொஞ்சம் கிட்டே, பிறகு இன்னும் கிட்டே, கடைசியில் அதன் வாயில் மீன். அதைப் பயமுறுத்தாமல் எவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாய்! உனக்குப் பொறுமை கிடையாது என்று பத்து வருஷம் சொல்லியிருக்கிறேன், அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இனி எழுதுவதை நீ கோபப்படாமல் படிக்க வேண்டும். என் புத்தி உனக்குத் தெரியும், தண்ணீரில் போகிற பிள்ளை நல்ல நாள் பார்த்துப் போனானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். போட்டோவின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருக்கிறதே, நகைக்கடைக்காரன் கொடுத்த மாதக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். முதலில் 3, 5 என்று இருந்ததை மே மூன்றாம் தேதி என்று எடுத்துக்கொண்டு, மே மாதம் இன்னும் பிறக்கவே இல்லையே, இவன் எப்படிப் படம் எடுத்தான் என்று அரை மணி நேரம் குழம்பினேன். தாரணிதான் சிரித்துவிட்டு, "அமெரிக்காவுல மாசத்தை முன்னாடி போடுவாங்கம்மா" என்று சொன்னாள். சரி என்று மார்ச் மாதத்தைப் புரட்டினேன். ஐந்தாம் தேதி, ஆறு அஷ்டமி, பதின்மூன்று அமாவாசை, நீ ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பதினாலு, பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்தெட்டு. அஷ்டமியைப் பார்க்கப் போன கண்ணில்தான் கிழமை பட்டது. செவ்வாய், புதன், புதன், வியாழன், செவ்வாய், வியாழன், வியாழன். ஒரு சனி இல்லை, ஒரு ஞாயிறு இல்லை. எல்லாமே காலை வெயில். எட்டரைக்கு ஆபீஸில் இருக்க வேண்டிய பிள்ளை ஒரு மாதமாக வேலை நாளில் காயலில் என்ன செய்கிறான் என்று யோசித்தேன். யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. அங்கே கம்பெனி கம்பெனியாக ஆட்களை வேலையை விட்டு அனுப்புகிறார்கள் என்று இங்கே பேப்பரில் போடாத நாளில்லை.

சஞ்சய், உன் வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரியும். அழுதேன், பொய் சொல்லவில்லை, ஆனால் கொஞ்ச நேரம்தான். காய்ச்சலும் விபத்தும் நினைத்து ஆறு வாரம் பயந்தவளுக்கு இது தாங்கக்கூடியதுதான். திரையை இழுத்து விட்டுவிட்டுப் படுத்தே கிடந்திருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்கும். நீ விடிவதற்கு முன்னால் எழுந்து போயிருக்கிறாய், ஒரு கொக்குக்காகக் காத்திருந்திருக்கிறாய், சிரித்திருக்கிறாய். அதனால் என் மனசு இப்போது லேசாகத்தான் இருக்கிறது.

தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிடலாமா என்று மூன்று நாள் பார்த்தேன். ஒரு தடவை அப்படிச் செய்திருக்கிறேன், உனக்குத் தெரியாது. நீ காலேஜில் இருந்தபோது பொம்மசந்திராவில் அப்பாவின் ஃபேக்டரியை நாற்பது நாள் பூட்டிவிட்டார்கள். அவர் வீட்டில் சொல்லவில்லை. தினமும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, கம்பெனி பஸ் நேரத்துக்குக் கிளம்பிப் போய் கப்பன் பார்க்கில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாரமே பஸ் டிரைவர் அர்ஜுனனின் மனைவி ரேஷன் கடையில் வைத்து என்னிடம் சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் மானம் போகக் கூடாது என்று நினைத்துத் தினமும் கேரியர் கட்டிக் கொடுத்தேன். ஆனால் அந்த நாற்பது நாளில் மனுஷர் எவ்வளவு இளைத்தார் தெரியுமா? ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டிருப்பார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை, அதனால்தான் உன்னிடம் மூடி மறைக்காமல் எழுதுகிறேன்.

நீ பயப்படுவது அப்பாவுக்குத்தான். தொம்மலூர் முழுக்க என் பையன் அமெரிக்கா, அமெரிக்கா என்று சொல்லி வைத்திருக்கிறார், எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காபியைக் கொடுத்துவிட்டு, போட்டோக்களையும் காலண்டரையும் முன்னால் வைத்து, தேதிகளை மட்டும் காட்டினேன். அவரும் கிழமைகளை விரல் வைத்துப் பார்த்தார். காபி ஆறிப்போயிற்று. அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "நான் நாப்பது நாளும் பார்க்குல சும்மா குந்திகினு இருந்தேன் வனஜா. அவனாச்சும் துடுப்பு போட்டான்" என்றார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுத்தார். எனக்குத் தெரியும் என்று சொன்னேன். தெரியும் என்று அவருக்கும் தெரியுமாம். இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம், தாரணி வந்து என்ன ஆயிற்று என்று பயந்துபோனாள்.

விசாவில் சிக்கல் வரும், நாள் கணக்கு இருக்கும் என்று தாரணி சொல்கிறாள். அங்கேயே இன்னொரு வேலை கிடைத்தால் இரு, கிடைக்காவிட்டால் கிளம்பி வா, இங்கே உன் அறையில் தாரணியின் புடவைகளைத் தவிர ஒன்றும் இல்லை, ஒரு மணி நேரத்தில் ஒழித்துவிடுவேன். யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை. வேளைக்குச் சாப்பிடு, அந்தத் தாடியை எடு, முதலைக்குக் கிட்டே போகாதே. கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போன் செய், வேலை அதிகம் என்று மட்டும் சொல்லாதே. நீ போகிற தண்ணீரெல்லாம் உனக்கு இடுப்பளவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்க ஆசீர்வதிக்கும்,

உன் அம்மா
எ. வனஜா

சஞ்சய், அம்மா எழுதியதைப் படித்தேன். எல்லாம் சரி. ஞாயிற்றுக்கிழமை போனை நான் எடுக்கிறேன்.
அப்பா