ஏழு பேருக்கான பட்டியல்

இன்று காலை ஆசிரியர் அறையில், புதிதாக வந்திருக்கும் கணித ஆசிரியை கைப்பையிலிருந்து குழந்தைப் பவுடர் ரின்னை எடுத்துக் கழுத்தில் தட்டிக்கொண்டார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர். வியர்வையும் பவுடரும் கலந்து ஒரு வாசம் எழுந்தது. வரவுப் பதிவேட்டில் பாதிப் பெயர்களுக்குப் புள்ளடி போட்டபடி நான் அப்படியே நின்றுவிட்டேன். அங்கிருந்த மற்றவர்களுக்கு அது யாரோ ஒரு குழந்தையின் நினைவாக இருந்திருக்கும். எனக்கு அது உன் கால்.

விடுதியில் உன் கட்டில் என்னுடையதற்குப் பக்கத்தில். காலையில் மணி அடித்ததும் நீ கட்டில் விளிம்பில் இருந்து, வலது முழங்காலுக்குக் கீழே எஞ்சியிருந்த சாண் அளவுக்குப் பவுடர் பூசுவாய். அதன்மேல் துணி உறையை இழுத்து, பிறகு பொய்க்காலை மாட்டி, வாரை இறுக்கி, எழுந்து ஒரு தரம் குதித்துப் பார்ப்பாய். சரிவராவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்குவாய். முதல் வாரம் நான் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குவது போலக் கிடந்தேன். "எடியே, பாக்கிறதுக்கு ரிக்கெற் காசு இல்லை, வடிவாப் பார்" என்றாய் நீ. இன்னொரு நாள், உனக்கு நுளம்புத் தொல்லை மற்றவர்களை விடப் பாதிதான் என்றும், பாதி நுளம்புகள் கடித்துப் பார்த்து ஏமாந்து போகின்றன என்றும் சொன்னாய். சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ சிரித்த பிறகுதான் நானும் சிரித்தேன்.

நான் நறுவிலிக்குளத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. நீ அரிப்பு என்ற கரையோர ஊரில் கடல்தொழில் செய்யும் வீட்டிலிருந்து வந்தவள். இடம்பெயர்ந்து போன இடத்தில் ஷெல் விழுந்து உன் கால் போனது. மீளக் குடியேறி ஊர்கள் மெல்ல மூச்சுவிடத் தொடங்கியபோது, பெரிய வகுப்பு இருந்த பள்ளிக்கூடம் இரண்டு ஊருக்கும் தூரமாக இருந்ததால் நாம் இருவரும் விடுதிக்கு வந்தோம். யுத்தம் இல்லாதிருந்தால் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க மாட்டோம். இதை நான் ஒருமுறை உன்னிடம் சொன்னபோது, அப்படியென்றால் யுத்தத்துக்கு நன்றி சொல்லிக் கடிதம் போடு என்றாய்.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வந்தால் உனக்கென்று ஒரு வேலை வைத்திருப்பார்கள். பிரதம விருந்தினருக்கு மாலை போடும் வேலை. மூன்று வருடமும் நீதான். கல்விக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரிக்கும், உதவி நிறுவனத்துக்காரருக்கும், பக்கத்து ஆமி முகாமின் பெரியவருக்கும் நீதான் மாலை போட்டாய். படம் எடுப்பவர்கள் உன் பாவாடைக்குக் கீழே கால் தெரிகிற மாதிரிச் சரிந்து நின்று எடுப்பார்கள். பிறகு நீ தறப்பாள் நிழலில் கதிரையில் இருந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்ப்பாய். மனம் நோக வேண்டுமென்று அதை யாரும் செய்யவில்லை. உன்னைக் கௌரவப்படுத்துவதாகவே நினைத்தார்கள். நீ விடுதிக்கு வந்து, "உலகத்திலை எல்லாருக்கும் மாலை போட்டுட்டன். இனி எனக்கு ஆரும் போட்டால்தான் உண்டு" என்று சட்டையில் ஒட்டியிருந்த பூவிதழ்களைத் தட்டிவிட்டாய்.

எங்கள் மைதானத்தில் பாதிதான் எங்களுக்கு. மற்றப் பாதி சிவப்பு நாடாவுக்கு அப்பால், மண்டையோடு வரைந்த பலகைகளோடு கிடந்தது. கண்ணிவெடி எடுப்பவர்கள் அங்கே முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் வலைப்பந்துக்கு ஒரே ஒரு வளையம். தாக்குகிறவர்களும் அதே வளையத்தில், தடுக்கிறவர்களும் அதே வளையத்தில். பந்து நாடாவைத் தாண்டினால் அன்றைய பயிற்சி முடிந்தது. அடுத்த நாள் அவர்களாக எடுத்துத் தரும்வரை காத்திருக்க வேண்டும். முழு மைதானத்தில் நாங்கள் ஒருநாளும் விளையாடியதில்லை. அதில் ஒரு குறை இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவுமில்லை.

மற்றவர்கள் போன பிறகு நீ அந்த வளையத்தடியில் நிற்பாய். இடது காலில் நிலைகொண்டு, பந்தைத் தலைக்கு மேலே தூக்கி, விரல் நுனியால் விடுவாய். பத்துக்கு எட்டு விழும். வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது. பிடித்த இடத்தில் நின்றுதான் எறிய வேண்டும். எந்தக் கால் முதலில் நிலத்தில் பட்டதோ அந்தக் காலைத் தூக்கி மறுபடி வைத்தால் பிழை. நாங்கள் எல்லோரும் அதில்தான் தடுக்கினோம். நீ தடுக்கவேயில்லை. உனக்கு இறங்க ஒரு கால்தான், அது எதுவென்ற சந்தேகம் உனக்கு வந்ததில்லை. கோல் போடும் இடத்துக்கு உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை என்று முதலில் சொன்னது நான்தான். அதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

என்னை விளையாட விடுவதற்கே அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. முகாம் வேலிக்கு அப்பால் ஆமிக்காரர்கள் நின்று பார்க்கிறார்கள், குட்டைப் பாவாடை வேறு என்றார். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தவரிடம் நீயே போய்ப் பேசினாய். "வயலுக்கை களை பிடுங்கேக்கை பொம்பிளையள் சீலையை முழங்காலுக்கு மேலை தூக்கிச் செருகினமே, மாமா. அப்ப ஆமி கண்ணை மூடிக்கொண்டே நிக்கிறது?" என்றாய். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் நீளம் வைத்துத் தைத்தால் விளையாடலாம் என்று தீர்ப்பு வந்தது. நிவாரணமாக வந்த நீலத் துணியில் எல்லோருக்கும் ஒரே நீளத்தில் தைத்தோம்.

வலய மட்டப் போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் கேட்டார்கள். நான் அணித் தலைவி. எங்கள் விளையாட்டு ஆசிரியை ஒரு தாளை என்னிடம் தந்து, ஏழு பேரையும் இரண்டு மேலதிக ஆட்களையும் எழுதிக்கொண்டு வா என்றார். நான் நூலக அறையில் தனியாக இருந்து எழுதினேன். கோல் போடும் இடத்தில் வேறொருத்தியின் பெயரை எழுதினேன். உன் பெயரை மேலதிக ஆட்களில் இரண்டாவதாக, கடைசியில் எழுதினேன்.

அன்று மாலை நீ தாளைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டாய். "ரீச்சர் சொன்னவ. பொய்க்கால் போட்டவையை விதியிலை விடாதாம்" என்றேன். நீ வாரைத் தளர்த்திக் காலைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தாய். வழக்கமாகச் சுவரில்தான் சாய்த்து வைப்பாய்.

அப்போது எனக்கு நானே சொன்ன காரணம் வேறு. நகரத்துப் பிள்ளைகள் உன் காலைப் பார்த்துச் சிரிப்பார்கள், உன்னை அதிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஆனால் எங்களைப் பார்த்துச் சிரிக்க ஏற்கெனவே போதிய காரணங்கள் இருந்தன என்பதும், அவற்றோடு இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு போக நான் விரும்பவில்லை என்பதும் அந்தத் தாளில் இருந்தது. அதை வாசிக்க எனக்கு வருடங்கள் பிடித்தன.

போட்டி மன்னாரில் நடந்தது. எதிரணிப் பிள்ளைகள் மடிப்பு வைத்த பாவாடையும் வெள்ளைச் சப்பாத்துமாக நின்றார்கள். எங்களில் மூன்று பேருக்குச் சப்பாத்து இல்லை. எங்கள் நீலத்தைப் பார்த்து ஒருத்தி மற்றவளிடம், "தறப்பாளை வெட்டித் தைச்சிருக்கினம்" என்றது எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டது. "மழைக்கு நல்லது, தங்கச்சி" என்று அவளைப் பார்த்துச் சொன்னாய்.

ஆட்டம் தொடங்குமுன் நடுவர் நகம் பார்க்க வந்தார். வலைப்பந்தில் அது வழக்கம். நீண்ட நகம் மற்றவர்களைக் கீறிவிடும் என்பதால் எல்லோரும் வரிசையில் நின்று கையை நீட்ட வேண்டும், மேலதிக ஆட்களும்தான். நடுவர் ஒரு சிங்களப் பெண்மணி, அனுராதபுரப் பக்கத்தவர் என்றார்கள். உன் முறை வந்ததும் நீ கையை நீட்டவில்லை. பாவாடையை முழங்கால்வரை தூக்கி, "மேக ஹொந்தத?" என்று கேட்டாய். இது சரியா என்று அர்த்தம். ஆமிச் சென்றிகளில் சோதனைக்கு நின்று நின்று பொறுக்கிய சிங்களம் உனக்கு அவ்வளவுதான்.

அவர் குந்தியிருந்து உன் காலைப் பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். முழங்காலடியில் விளிம்பைத் தடவினார். வாரின் இரும்புப் பூட்டு மற்றவர்களைக் கீறலாம், அதைச் சுற்றிப் பன்டேஜ் கட்டு என்று சைகையில் காட்டினார். பிறகு எழுந்து, அடுத்தது கை என்பது போல உன் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். பெருவிரல் நகம் நீளம் என்று தலையசைத்தார். நீ அங்கேயே கடித்துத் துப்பினாய். "விளையாடு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போனார்.

வரிசையில் உனக்கு நான்கு பேர் தள்ளி நான் நின்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் என் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பாதியில் நாங்கள் நாசமாய்ப் போனோம். பந்து மைதானத்தின் மூன்று பகுதிகளிலும் ஒவ்வொரு கையையாவது தொட்டுத்தான் வளையத்துக்குப் போகவேண்டும். எங்களுக்கோ வளையத்தடி மட்டும்தான் தெரியும். நடுவில் பந்து கிடைத்தால் யாருக்குக் கொடுப்பது, எங்கே ஓடுவது என்று தெரியாமல், தெருவைக் கடக்கப் பயந்த ஆடுகள் போல நின்றோம். இடைவேளையில் ஆசிரியை யாரையும் ஏசவில்லை. உன்னைப் பார்த்து, நடுவர் விட்டவ என்றால் நீ இறங்கு என்று மட்டும் சொன்னார். நீ பவுடர் பூசி, காலை மறுபடி மாட்டி, ஒரு தரம் குதித்துப் பார்த்தாய்.

நீ இறங்கியதும் சனம் கைதட்டியது. பந்தைத் தொட்டால் கைதட்டல், தவறவிட்டால் அதைவிடப் பெரிய கைதட்டல். உன் முகம் கறுத்துக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். நடு ஆட்டக்காரி நான். உனக்குப் பந்து கொண்டுவர வேண்டியது என் வேலை. முதல் இரண்டு முறையும் கீழிருந்து மெதுவாகத் தூக்கிப் போட்டேன். தடுக்கிறவள் இரண்டையும் இலகுவாகத் தட்டிவிட்டாள். நீ என் பக்கம் வந்து, சத்தம் போடாமல் சொன்னாய்: "எனக்குக் குடுக்காதை. எறி."

அடுத்ததை எறிந்தேன். உள்ளங்கையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நீ எகிறிப் பிடித்து, இடது காலில் இறங்கி, திரும்பி விட்டாய். விழுந்தது. அதன்பிறகு இன்னும் மூன்று. கடைசியில் ஒருமுறை சமநிலை தவறி, நிலத்தில் ஊன்றிய இடது காலைத் தூக்கி மறுபடி வைத்தாய். நடுவர் உடனே விசில் ஊதிப் பந்தை மற்றப் பக்கத்துக்குக் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர், பாவம் விடுங்கோ என்று முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. நீ இடுப்பில் கைவைத்து நின்று சிரித்தாய். அன்று முழுவதும் உன் முகத்தில் நான் பார்த்த சிரிப்பு அது ஒன்றுதான்.

தோற்றுப் போனோம், நன்றாகவே. திரும்பி வரும் பஸ்ஸில் நீ என் பக்கத்தில் இருந்தாய். பாலம் தாண்டும்வரை அந்த விசிலைப் பற்றியே பேசினாய். "அவ என்னை விடேல்லை, பாத்தனியே? எல்லாருக்கும் ஊதின மாதிரியே எனக்கும் ஊதினவ." பிறகு வெளியே பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே கேட்டாய்: "ரீச்சருக்கு ஆரோ விதியைப் பிழையாச் சொல்லியிருக்கினம், என்ன?"

"ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஒன்றாக விளையாடினோம். நாடாவைக் கழற்றி மற்றப் பாதியையும் எங்களுக்குத் தந்தார்கள். இரண்டாவது வளையம் நட்ட அன்று நீ அதில் தொங்கப் பார்த்து ஏச்சு வாங்கினாய். ஒருமுறை வென்றோம்கூட. அந்தத் தாளைப் பற்றி நீ பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாயா, அல்லது உண்மையிலேயே என்னை நம்பினாயா? எது எனக்கு இலகு என்று யோசித்துப் பார்க்கிறேன். இரண்டும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் நிறைய வாசித்தேன். விளையாட்டில் யாருக்கு இடம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது பற்றியும் வாசித்தேன். பெண் என்பதால், ஏழை என்பதால், வேறு மொழி பேசுவதால், உடல் வேறு மாதிரி இருப்பதால் வெளியே நிற்கிறவர்கள் அவற்றில் இருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவற்றில் கதவை மூடுகிறவர்கள் எப்போதும் தூரத்தில் இருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

நீ காய்ச்சலில் ஐந்தே நாளில் போனபோது நான் யாழ்ப்பாணத்தில் பரீட்சையில் இருந்தேன். அரிப்புக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. உன் அம்மா தேத்தண்ணீர் தந்து, நீ என்னைப் பற்றிப் பேசாத நாள் இல்லை என்றார். அவரிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்து, சீனி போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கே பெண்பிள்ளைகளின் அணிக்கு இப்போது நான்தான் பொறுப்பு. பட்டியலைத் தனியாக இருந்து எழுதுவதில்லை. எல்லோரையும் வளையத்தடியில் இருத்தி, எங்கே விளையாட ஆசை என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டு, அவர்கள் பார்க்கத்தான் எழுதுகிறேன். நேரம் எடுக்கும், சண்டை வரும், பள்ளிக்கூட அதிபர் அலுத்துக்கொள்வார். பரவாயில்லை.

பஸ்ஸில் நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் பிழை. ரீச்சருக்கு ஒருவரும் எதையும் சொல்லவில்லை. அவரிடம் நான் கேட்கவேயில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.