சுவருக்குள் கேட்ட தும்மல்

இஸ்தான்புல், சமாத்யா
3 ஆகஸ்ட் 1986

அன்புள்ள ஸ்த்ராதிஸுக்கு அத்தையின் ஆசிகள்.

உன் சித்தி தோம்னா ஏதென்ஸ் முழுக்கச் சொல்லித் திரிவதுபோல் எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. நிலவறையில் தேவதூதர்கள் பாடுவதாக நான் அவளிடம் சொல்லவே இல்லை. கடப்பாரைச் சத்தம் கேட்கிறது என்றேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத காது அவளுடையது. எனக்குக் கன்னியாஸ்திரீகள் பியானோ கற்றுத்தந்தார்கள்.

கண்ணோய் தீர்க்கும் புனித பராஸ்கேவியின் திருநாளன்று வழக்கம்போல் நிலவறையைத் திறந்து வைத்தேன். அங்குள்ள ஊற்று நீரில் கண் கழுவ வருகிறவர்களிடம் எந்த மதம் என்று நம் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பக்கத்துக் கட்டடத்தைப் புதிதாக வாங்கிய நெஜாத்தும் வந்தான். அவன் கண் கழுவவில்லை. படிக்கிற காலத்தில் நீ மண் துடைத்து வெளியே கொண்டுவந்தாயே, தொலைந்துபோன கோயிலின் அரைவட்டச் சுவர், அதையே பார்த்துக்கொண்டு நின்றான். செங்கல்லில் இருக்கும் முத்திரையை விரலால் தடவினான்.

மறுநாள் ஒரு தட்டு பக்லவா இனிப்போடு வந்து என் கையை முத்தமிட்டான். "மதாம், உங்க கிரேக்க ஆளுங்க ஊரைவிட்டுப் போறப்போ தங்கத்தைப் புதைச்சு அடையாளம் போட்டுட்டுப் போனது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சொர்க்கத்துக்கா தூக்கிட்டுப் போகப் போறீங்க? பாதி உங்களுக்கு" என்றான். அது ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சூளைக்காரனின் முத்திரை என்றேன். "அப்போ பழைய தங்கம்தான்" என்று சிரித்தான். பக்லவாவைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

சத்தம் அதன்பிறகு, அவன் கட்டடத்துப் பக்கமிருந்து தொடங்கியது. ஊற்று கலங்கிவிட்டது. மாடத்து விளக்கின் சுடர் ஒரு பக்கம் சாய்கிறது. அந்தச் சுவரிலிருந்து காற்று வர வழியே கிடையாது. என் சமையலறை அதன்மேல்தான் நிற்கிறது என்று நீதான் சொன்னாய். அலமாரியில் தட்டுகள் தாமாக நகர்கின்றன.

காவல் நிலையத்துக்குப் போனேன். ஓர் இளைஞன் தேநீர் கொடுத்து, "அம்மா, உங்க வயசுல எலி ஓடினாக்கூட ரயில் ஓடுற மாதிரிதான் கேக்கும்" என்று அனுப்பிவைத்தான்.

நேற்று மதியம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றக் கீழே இறங்கினேன். சுவருக்குள் யாரோ தும்மினார்கள். நான் யோசிக்கவே இல்லை, ஸ்த்ராதிஸ், வளர்ப்பு அப்படி. "நீடூழி வாழ்க" என்று சொல்லிவிட்டேன். கடப்பாரை நின்றது. பயந்து ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். சற்றுப் பொறுத்து, தும்மியவர் சொல்லவேண்டிய பதில், ஊர் வழக்கம் தவறாமல், மரியாதையாக வந்தது: "நீங்களும் இருந்து பாருங்க, மதாம்." பிறகு மறுபடி இடிக்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இந்தச் சுவரைப் பற்றி யாரிடமும் சொல்லக்கூடாது என்று உன்னிடம் வாக்கு வாங்கினேன். பழம்பொருள்களுக்குப் பொறுப்பான அருங்காட்சியகத்துக்குத் தெரிந்தால் வீட்டைப் பூட்டி என்னை வெளியே அனுப்புவார்கள், உன் மாமா கண்மூடிய அறையை விட்டு நான் எங்கே போவேன் என்றேன். அந்த வாக்கிலிருந்து இன்று உன்னை விடுவிக்கிறேன். நீ அன்று வரைந்த படங்களோடு அருங்காட்சியகத்துக்கு எழுது. பேராசிரியராகிவிட்ட நீ சொன்னால் எலி என்று சொல்லமாட்டார்கள். பெட்டி கட்டிவிட்டேன், சின்னதுதான். தோம்னா வீட்டில் மட்டும் என்னை விட்டுவிடாதே.

புனிதவதி உன் கண்களைக் காக்கட்டும். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம்; அது சமையலறையில் இருக்கிறது, பேசுவது கீழே கேட்கும். அருங்காட்சியகத்துக்கு எழுதிவிட்டாயா இல்லையா என்று தாளில் ஒரு வரி எழுதி எனக்குப் பதில் அனுப்பு.

உன் அத்தை
எவாந்தியா