மார்ஜரி இருந்த சுவர்

டெட்பரி, செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். ஓக் மேசைகளுக்குத் தேன்மெழுகு தேய்த்துத் தேய்த்துக் கைதான் வழவழக்கிறது.

நேற்று ஒரு வேடிக்கை. எங்கள் பழம்பொருள் கடையில் 'பெயர் தெரியாத பெண்மணி' என்று சீட்டு ஒட்டிய முந்நூறு வருடத்து ஓவியம் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. வாங்க வந்தவர், "யாரும்மா இது?" என்றார். "மார்ஜரி" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அப்படியா! அதுக்கு ஆதாரம் இருக்கா?"

முதலாளி ஆப்ரி விழுந்து விழுந்து சிரித்தார். "அட, இவளா வெச்ச பேரு சார். தினமும் அதுக்கு குட்மார்னிங் சொல்றா!"

வந்தவரும் சிரித்துக்கொண்டே ஓவியத்தை வாங்கிப் போய்விட்டார்.

என் கம்பளிச் சட்டையை அனுப்பும்போது உங்கள் படம் ஒன்றும் வையுங்கள், சற்றுப் பெரியதாக. இன்று காலை வெறும் ஆணிக்கு குட்மார்னிங் சொன்னேன்.

ஆப்ரி கூப்பிடுகிறார்.

உங்கள் இங்கா