அஞ்சலை பேரில் பதினைந்து மா

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமலே "என்னடி" என்று கேட்கிற என் அம்மாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாமல் இருந்தது சோம்பலால் இல்லை. உன்னிடம் சொல்லும்படி நல்லதாக ஒன்றும் நடக்கவில்லை. இப்போதும் நடக்கவில்லை. ஆனால் போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதை நானே என் வாயால் உனக்குச் சொல்லிவிட வேண்டும். நாலு பேர் படிக்கும்படி எழுதுவதும் வேண்டுமென்றுதான். உன்னைப் பற்றி நாலு பேர் பேசினார்களே, அவர்களும் படிக்கட்டும்.

வீட்டு நிலவரம் முதலில். தம்பியின் சின்னவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஆற்றில் தண்ணீர் இந்த வருஷமும் தாமதம், நாற்றங்கால் காய்கிறது. நான் சமைப்பது வாயில் வைக்க விளங்காது என்பாய் அல்லவா? சத்துணவுக் கூடத்தில் அத்தனை பிள்ளைகளும் அதைத்தான் தின்கிறார்கள். ஒருத்தரும் சாகவில்லை.

இனி அந்த நிலத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் முன்னாலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கருக்கு மேல் நஞ்சை கூடாது என்று சர்க்கார் உச்சவரம்பைக் குறைத்த காலம் அது. பண்ணை வீட்டில் இருந்தது அதைப்போலப் பல மடங்கு. பெரியவர் அசரவில்லை. கொழுந்தியாள் பேரில் கொஞ்சம், மைத்துனன் பேரில் கொஞ்சம், பிறக்கப்போகிற பேரன் பெயரில் ஒரு தர்ம டிரஸ்ட் என்று எழுதிக்கொண்டே போனார். நாய்க்குக் கைரேகை இருந்திருந்தால் அதன் பேரிலும் எழுதியிருப்பார். கடைசியில் வாய்க்கால் ஓரத்துப் பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர், மிச்சம் நின்றது. அதை எழுத ஆள் கிடைக்காமல் உன்னைக் கூப்பிட்டார்.

ஏன் நீ? அப்பா செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆண்பிள்ளை பேரில் எழுதினால் நாளைக்கே சங்கத்தில் சேர்ந்து கொடி பிடித்துக்கொண்டு வயலில் இறங்கிவிடுவான். நீ இரண்டு பிள்ளைகளை வைத்திருந்த நடவுக்காரி. சொன்ன சொல் மாறாதவள் என்று ஊரே சொல்லும். அந்த நல்ல பெயர்தான் உன்னை மாட்டிவிட்டது.

பண்ணைக் காரில் உன்னை ரிஜிஸ்தர் ஆபீஸுக்குக் கூட்டிப்போனார்கள். பெரியவர் அஞ்சலைக்கு, அதாவது உனக்கு, விற்றதாகக் கிரயப் பத்திரம். நீ பெருவிரல் வைத்தாய். திரும்பும் வழியில் பிடாரி கோயிலில் காரை நிறுத்தி, வாசல் கல்லில் சூடம் ஏற்றி, அதை உன் கையால் அணைக்கச் சொன்னார்கள். அந்த மண்ணை என்னுடையது என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்பது ஒரு சத்தியம். அது எப்படி என் பேருக்கு வந்தது என்று யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்பது இன்னொன்று. பெரியவர் நினைத்திருந்தால் ஒரு வெற்றுத்தாளில் கைரேகை வாங்கியிருக்கலாம். அது அவருக்குப் போதாது. உனக்குக் காகிதத்தைவிடச் சூடம்தான் பெரிது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் அதே வயலில் நீ கூலிக்கு நடவு நட்டாய். சட்டப்படி சொந்தக்காரி, கையில் வாங்கியது நடவுக் கூலி.

பிறகு குடியிருப்பு மனைகளுக்குப் பட்டா கொடுக்க அதிகாரிகள் நம் தெருவுக்கு வந்தார்கள். பண்ணைக்காரர் மனையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு எல்லாம் அந்தந்த மனை சொந்தமாகிவிட்டது. உன் முறை வந்தபோது, "உம் பேர்ல அஞ்சு ஏக்கர் நஞ்சை இருக்கேம்மா, நீ நிலச்சுவான்தார்ல்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெருவே அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாய்.

அன்றைக்கு ஆரம்பித்தது பேச்சு. புருஷன் இல்லாத நடவுக்காரிக்குப் பண்ணைக்காரர் எதற்காக நிலம் எழுதினார்? நடவு வரிசையில் உன் இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். அந்த இடைவெளியையும் நீயே நட்டு நிரப்பினாய். முதலில் இடம் விட்டவள் கண்ணம்மா, நம் அடுத்த வீட்டுக்காரி. அவளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

ஆனால் நான் மட்டும் யோக்கியமா? பதினாறு வயதில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த உன் எதிரில் நின்று, "அவரு ஒனக்கு எதுக்கு எழுதி வச்சாரு?" என்று கேட்டேன். கேட்ட விதத்திலேயே என்ன நினைத்துக் கேட்கிறேன் என்பது உனக்குப் புரிந்துவிட்டது. நீ என்னை அடித்திருந்தால் தேவலை. நீ பாத்திரத்தைத்தான் தேய்த்தாய். அம்மா, நானும் சந்தேகப்பட்டேன். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழும்வரை சந்தேகப்பட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது.

அந்தக் கட்டிலில்தான் நீ சொன்னாய்.

"அது நம்மது இல்லடி. சட்டத்துக்குப் பயந்துக்கிட்டு எம் பேர்ல எழுதி வச்சாங்க. சூடம் அணைச்சுட்டேன், அதான் சொல்லல."

ஏறக்குறைய இருபது வருஷம். இதை என்னிடம் மட்டுமாவது முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? உன் பிடாரி, பெற்ற மகளிடம் சொன்னதற்கா உன் கண்ணைக் குத்தியிருப்பாள்?

உன் கருமாதி முடிந்த மறுநாள் பெரியவரின் மகன், சின்னவர், வந்தார். பெரியவர் போனபிறகு பண்ணை அவர் கையில். நம் வீட்டு வாசலை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரு விடுதலைப் பத்திரம் எழுதியே கொண்டுவந்திருந்தார். எங்கள் தாயார் பேரில் உள்ள நிலத்தில் எங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று அதில் இருந்தது. ஒரு கையெழுத்துதானே என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லாமல் போய்விட்டாய்.

பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். நல்ல மனுஷர், பொறுமையாகப் புரியவைத்தார். ஒரு பெண் பேரில் சொத்து இருந்து அவள் உயில் எழுதாமல் இறந்துபோனால், புருஷனும் இல்லாத பட்சத்தில், மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. கட்டிக்கொடுத்த மகள், என்னைப்போல வாழாமல் திரும்பி வந்த மகள் என்ற வித்தியாசம் கிடையாது. பினாமியாக எழுதி வைத்தவர்கள் உண்மையில் இது எங்கள் சொத்து என்று இப்போது கோர்ட்டுக்குப் போகவும் முடியாதாம், அதற்குச் சட்டம் வந்துவிட்டதாம். அதனால்தான் அவர்களுக்கு எங்கள் கையெழுத்து வேண்டியிருக்கிறது. பத்திரம் உன் பேரில், பட்டா உன் பேரில், நிலம் மட்டும் அவர்கள் அனுபவத்தில். கேட்டுக்கொண்டிருந்த தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன், எனக்கும்தான். பதினைந்து மா, அம்மா! நம் தெருவில் யாருக்கு இருக்கிறது?

அப்புறம் வக்கீல் சொன்னார்.

"கேஸு ஸ்ட்ராங்காத்தான் இருக்கும்மா. ஒரே ஒரு கேள்விதான் வரும். கூலி வேலை பாத்தவங்க எப்படி அஞ்சு ஏக்கர் வாங்குனாங்கன்னு கேப்பாங்க. பினாமின்னு நாம வாயத் தொறந்தா உச்சவரம்புல சர்க்கார் எடுத்துக்கும், உங்களுக்கு ஒரு பிடி மண்ணு கிடைக்காது. பெரியவருக்கும் உங்க அம்மாவுக்கும் பழக்கம் இருந்துச்சு, அந்தப் பிரியத்துல பேருக்கு ஒரு கிரயம் போட்டுக் கொடுத்தாருன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லிட்டா முடிஞ்சுது. ஊர்லயும் அப்படித்தானே பேச்சு?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்களுக்கு உதவியாகத்தான் சொன்னார்.

பார்த்தாயா, எப்படி மாட்டிக்கொண்டேன்? நிலம் வேண்டுமென்றால் உன்னைப் பற்றி ஊர் பேசியதை நானே கோர்ட்டில் ஏறி நிஜம் என்று சொல்ல வேண்டும். பேசாமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், திருடியவர்கள் கைக்கே எல்லாம் போய்ச் சேரும், உன் மேல் விழுந்த பேச்சும் அப்படியே கிடக்கும். உள்ளதைச் சொன்னால் நிலமும் போகும், நீ அணைத்த சூடமும் பொய்யாகும். மாதக்கணக்கில் இதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். சத்துணவுக் கூடத்தில் இரண்டு தடவை உப்புப் போட மறந்தேன்.

சின்னவர் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் வழியில் பைக்கை நிறுத்தி, "நீங்க இருக்கற மனை இன்னும் எங்க பேர்லதான் இருக்கு வசந்தா, ஞாபகம் வச்சுக்க" என்றார். அன்றைக்கு உனக்கு மறுத்த பட்டா! நீ நிலச்சுவான்தார் என்று சொல்லித்தானே மறுத்தார்கள்? அவர்கள் எழுதிய பொய்யால் நமக்கு மனை இல்லாமல் போயிற்று, அந்த மனையை வைத்தே அவர்கள் மிரட்டுகிறார்கள்.

தம்பி வேறு பக்கமிருந்து நெருக்கினான். பண்ணை டிராக்டர் ஓட்டுகிறவன்தான், இருந்தாலும் ஐந்து ஏக்கர் என்றதும் துணிந்துவிட்டான். வக்கீல் சொன்னபடியே சொல்லிவிடலாம் என்றான். நான் கையை ஓங்கிவிட்டேன். அவன் நகரவில்லை.

"அம்மாவுக்கு இனிமே என்னாக்கா ஆவப்போவுது? புள்ளைவள நெனச்சுப் பாரு" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை, அம்மா. சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கேட்டான். அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்வேன்?

செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, நில உச்சவரம்பு ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நான் நிலம் கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து மனுவை நீட்டச் சொன்னார். கேட்க வரவில்லை, எங்கள் பேரில் இருப்பது எங்களுடையது இல்லை என்று சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இதுல உங்களுக்கு என்னம்மா கிடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காதுங்க சார்."

பிறகுதான் எழுத ஆரம்பித்தார். கார், ரிஜிஸ்தர் ஆபீஸ், கைரேகை, பிடாரி கோயில், எல்லாம் சொன்னேன். தாயாரின் தொழில் என்ன என்று கேட்டார். நடவு என்றேன். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். "என் தாயார் அந்த நிலத்தில் நடவு நட்டுக் கூலி வாங்கினார். அதைத் தவிர அந்தக் குடும்பத்திடமிருந்து எதையும் வாங்கவில்லை, எதையும் கொடுக்கவும் இல்லை." விசாரணைக்கு இது தேவையில்லையே என்றார். எனக்குத் தேவை என்றேன். அதையும் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன். நீ படிக்கவைத்த கையெழுத்து.

உன் சத்தியத்தில் முதல் பாதியைக் காப்பாற்றிவிட்டேன், நிலத்தைக் கேட்கவில்லை. இரண்டாவது பாதியை உடைத்துவிட்டேன். பிடாரிக்குக் கோபம் என்றால் என்னிடம் வரட்டும். எனக்கும் அவளிடம் கேட்க நாலு கேள்வி இருக்கிறது.

எல்லாம் தீர்ந்து விடிந்துவிட்டது என்று நினைக்காதே. சின்னவர் மனையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பிவிட்டார். தம்பிக்கு டிராக்டர் சாவி போய்விட்டது. அதே வீட்டுக்குள் அவன் தனி அடுப்பு போட்டுவிட்டான். சின்னவள் மட்டும் நடந்து என் பக்கம் வருகிறாள், அவள் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போகிறாள். விசாரணை முடிய வருஷங்கள் ஆகும் என்கிறார்கள். ஒருவேளை சர்க்கார் அந்த நிலத்தை எடுத்து நம் தெருவுக்கே பிரித்துக் கொடுக்கலாம். எனக்குச் சத்துணவு வேலை இருப்பதால் பங்கு கிடைக்காதாம், பினாமியின் வாரிசு என்பதால் தம்பிக்கும் கிடையாதாம். கண்ணம்மாவுக்குக் கிடைக்குமாம். நேற்று வந்து, ஆளுக்கு எத்தனை மா வரும் என்று கேட்டாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வாக்குமூலத்தின் நகலை எடுத்து அந்தக் கடைசி வரியை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அவளுக்கு உன் பேரில் இருந்த மண், உன் பேரப்பிள்ளைகளுக்கு நடுத்தெரு. நான் செய்தது சரிதானா? தம்பியின் பிள்ளைகள் வளர்ந்து வந்து கேட்டால் என்ன சொல்வேன்?

தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். தாய் பேரில் இருக்கும் பட்டாவைத் தங்கள் பேருக்கு மாற்ற வேண்டும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் தாலுகா ஆபீஸுக்கு அலைவார்கள். நான் அதிலிருந்து உன் பெயரை எடுக்க அலையப்போகிறேன். இந்த வீடு போனாலும், வேறெங்கோ ஒண்டிக்கொண்டிருந்தாலும், எத்தனை வருஷமானாலும் அலைவேன். உன் பெயரை அடித்த தாள் என் கைக்கு வருகிற அன்று, நீ எதையும் யாரிடமும் வாங்காதவள் என்று இந்தத் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்வேன். முதலில் உன்னிடம் வந்துதான் சொல்வேன், அம்மா. அந்தக் கேள்வியை உன்னிடம்தான் நான் முதலில் கேட்டேன்.

உன்னைச் சந்தேகப்பட்டு வளர்ந்த,
உன் ஒரே மகள்
வசந்தா