ஐஸ் பேக் வேர்க்கும் வரை

ஜூன் 3, செவ்வாய்

இன்று பில்லுக்கு 214 ஐட்டம் எடுத்துக் கொடுத்தேன். எட்டரைக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள். இந்தக் குடோனில் இதுவரை யாரும் எடுத்ததில்லை. பேச்சிமுத்து அண்ணே 96.

அவர் ஒரு மாத்திரை அட்டையை ரேக்கிலிருந்து எடுத்தால் பெயரைப் பார்ப்பார், மில்லிகிராமைப் பார்ப்பார், தேதியைப் பார்ப்பார், பில்லைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார். அதற்குள் நான் ஒரு சுற்று போய் வந்துவிடுவேன். எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ஒருதடவை பார்த்தால் மண்டையில் ஒட்டிக்கொள்கிறது.

"என்னண்ணே, மாத்திரைக்கு ஜாதகம் பாக்குறீங்களா" என்று கேட்டேன். தேதியைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார். "ஏதாச்சும் சொன்னியாத்தா?"

காளவாசலில் இந்த மருந்து மொத்தக் கடைக்கு வந்து இரண்டு மாதம். இன்னும் ஒரு மாதம் தாண்டினால் நிரந்தரம். இஞ்சினியரிங்கை மூன்றாம் வருடம் விட்டதிலிருந்து இது நாலாவது வேலை. ஒன்றில் மேனேஜருக்கு வேலை தெரியவில்லை என்று அவரிடமே சொன்னேன். ஒன்றில் நாள் முழுக்க உட்கார முடியவில்லை. ஒன்றில் இரண்டும். அப்பா சொல்லிவிட்டார்: இதுவும் நிக்கலேன்னா ஆனையூர் ரூமைக் காலி பண்ணிட்டுத் திருவாதவூர் வந்துரு.

ஜூன் 6, வெள்ளி

கூல் ரூமில் போட்டுவிட்டார்கள். பேச்சிமுத்து அண்ணே கூட. செத்தேன்.

ஜூன் 9, திங்கள்

கூல் ரூமில் வேலையே காத்திருப்பதுதான். இன்சுலினைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துச் சுற்றி ஐஸ் பேக் அடுக்க வேண்டும். ஆனால் டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் வைக்கக் கூடாது. வைத்தால் மருந்து உறைந்து கெட்டுப்போகும். ஐஸ் பேக்கை ஸ்டீல் மேஜையில் பரப்பி, மேலே வேர்வை மாதிரி தண்ணீர் பூக்கும் வரை விட வேண்டும். அரை மணி நேரம். பிறகு அண்ணே ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டுவார். உள்ளே சளக்கென்று சத்தம் வந்தால்தான் பெட்டிக்குள் போகும். சீட்டில் வெளியே எடுத்த நேரத்தை ஒருவர் எழுத வேண்டும், பார்த்தேன் என்று இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த அரை மணி நேரமும் நான் என்ன செய்வது? மேஜையைச் சுற்றி நடந்தேன். "உக்காருத்தா, நீ நடக்குறதுல எனக்குத் தல சுத்துது" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

முதலாளி மகன் கிரிதர் சார் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். எல்லாருக்கும் அறுபது கேள்வி உள்ள தாள். யார் எந்த வேலைக்கு ஆவார்கள் என்று அதில் தெரியுமாம். நான் ஏழு நிமிடத்தில் கொடுத்தேன். பேச்சிமுத்து அண்ணே ஒரு மணி நேரம் எழுதி, இருபதாம் கேள்விக்குப் பதிலை மாற்ற வேண்டும், நாளைக்குத் தரட்டுமா என்று கேட்டார்.

'முடித்த வேலையை மறுபடி சரிபார்ப்பேன்.' நான் 'இல்லை' என்று போட்டேன். எதுக்குப் பொய் சொல்லணும்?

கிரிதர் சார் தாளைப் பார்த்துவிட்டு, உங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளா செஞ்சிருந்தா எனக்கு ஒரு சம்பளம் மிச்சம் என்றார்.

ஜூன் 12, வியாழன்

மேற்கு ரூட்டுக்குப் பதினொரு கடை, இரண்டு பெட்டி. முதல் பெட்டியை அண்ணே போட்டுவிட்டு ஸ்டாக் எண்ண மேலே போனார். இரண்டாவது என்னுடையது. வேன் வாசலில் நின்றது, டிரைவர் ராம்கி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஐஸ் பேக்கை எடுத்து ஆறே நிமிடம். வெள்ளையாகப் பனி ஒட்டியிருந்தது. துணியால் துடைத்து அடுக்கினேன். சீட்டில் அரை மணி முன்னால் எடுத்ததாக எழுதினேன்.

படியேறிப் போய் அண்ணனிடம் சீட்டை நீட்டினேன். "வேர்த்துருச்சாத்தா?"

"வேர்த்துருச்சுண்ணே."

பெட்டியைப் பார்க்க இறங்கி வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. "நீ மூஞ்சிக்கு நேரா பேசுற பிள்ள" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இங்கே வேலைக்குச் சேர்ந்த ஒன்பது வருடத்தில் அவர் பார்க்காமல் போட்டது இதுதான் முதல்தடவையாக இருக்கும்.

ஒன்றும் ஆகாது. வெளியே இம்புட்டு வெயில் அடிக்குது, ஆறு நிமிஷத்துல என்ன ஆயிரப்போகுது.

ஜூன் 13, வெள்ளி

ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 14, சனி

ஆகிவிட்டது. கடை சாத்தும் நேரத்தில் செக்கானூரணி மெடிக்கலிலிருந்து ஒரு பாட்டில் திரும்பி வந்தது. குலுக்கினால் பால் மாதிரி ஆக வேண்டிய மருந்து, கண்ணாடியில் துகள் துகளாக ஒட்டியிருக்கிறது. உறைந்திருக்கிறது.

கிரிதர் சார் சீட்டை மேஜையில் போட்டு அண்ணனைக் கூப்பிட்டார். நான் அங்கேதான் நிற்கிறேன். அண்ணே சீட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கையெழுத்து என்னோடதுதான் சார்."

அவ்வளவுதான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்தப் பாட்டில் எந்தப் பெட்டியில் போனது என்று சார் கேட்டதற்கு, யோசிச்சுச் சொல்றேன் என்றார். நான் கூப்பிடுற வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவரிடம் சார் சொல்லிவிட்டார்.

மேனேஜருக்கு வேலை தெரியலன்னு சொன்ன வாய்தானே இது? இன்னைக்கு எங்க போச்சு?

சொன்னா வேலை போச்சு. ரூம் போச்சு. சொல்லலேன்னா அவரு ஒம்போது வருஷம் போச்சு. அது மட்டுமா — மிச்சப் பாட்டில் எல்லாம் எங்க இருக்கு? யாராச்சும் இப்ப அதக் குத்திக்கிட்டு இருந்தா?

ஜூன் 15, ஞாயிறு

ஆறரை மணிக்குக் கிரிதர் சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நேத்து ஏன் சொல்லலை?"

"பயம் சார்."

"உனக்கா?"

குடோனைத் திறந்தார். அண்ணனையும் வரச் சொன்னார். பில்லில் கடை பெயர் இருக்கும், எந்தப் பெட்டியில் போனது என்று இருக்காது. பதினொரு கடையும் சுற்றினால் சாயங்காலம் ஆகிவிடும். அண்ணே பில்லை ஒவ்வொன்றாகப் புரட்டினார், மறுபடி முதலிலிருந்து புரட்டினார். நான் கண்ணை மூடினேன். பெட்டி அப்படியே தெரிந்தது. "அடியில உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு மூணு, ஆஸ்பத்திரி எதுத்தாப்ல ரெண்டு. மேல செக்கானூரணி நாலு, நாகமலை மூணு, விராட்டிபத்து ரெண்டு. பதினாலு சார்."

நேரே அந்த ஐந்து கடைக்கு ஆள் போனது. பதினோரு மணிக்குள் பதிமூன்று கைக்கு வந்துவிட்டது. நாகமலையில் ஒன்று விற்றுப்போயிருந்தது. பெயரும் தெருவும் வாங்கிக்கொண்டு, புதுப் பாட்டிலோடு நானே போனேன்.

பஞ்சாபகேசன் என்று ஒரு ரிட்டயர்ட் பேராசிரியர். மருந்து அவர் மனைவி விஜயத்துக்கு. அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து கிடந்தார், உதடெல்லாம் காய்ந்திருந்தது. காலையில் சர்க்கரை 412.

"ரெண்டு நாளா இவளைத் திட்டிண்டிருக்கேன்" என்றார் அவர். "மாம்பழத்தை ஒளிச்சு வெச்சுண்டு சாப்பிடறேன்னு."

தப்பு மாம்பழத்திலே இல்ல சார், மருந்துல, நான் பெட்டி போட்டதுல என்று சொன்னேன். எப்படி என்பதையும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அம்மாதான் பேசினார், என்னிடம் இல்லை, அவரிடம்.

"நான் தொடவே இல்லைன்னு சொன்னேனா இல்லையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்க்க முடியவில்லை. கிரிதர் சார் காரோடு வந்து அவர்களை டாக்டரிடம் கூட்டிப் போனார்.

ஜூன் 16, திங்கள்

விஜயம் அம்மாவுக்குச் சர்க்கரை 230. இறங்குகிறது.

கிரிதர் சார்: உன்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு நான் சொல்லப் போறதில்லை. கையெழுத்துப் போட்டு மாட்டினது அவர். முப்பதாம் தேதி அவரைக் கேட்பேன்.

அண்ணே வேலைக்கு வந்துவிட்டார். என்னோடு பேசவில்லை.

ஜூன் 18, புதன்

இன்று பேசினார். "தள்ளு."

ஜூன் 21, சனி

தாங்க முடியவில்லை. திட்டணும்னா திட்டிருங்கண்ணே என்றேன். பெட்டிக்கு டேப் ஒட்டி, ஓரத்தைத் தடவிப் பார்த்து, இன்னொருதடவை தடவிப் பார்த்து, அப்புறம் சொன்னார்.

"அவசரத்துல வச்சுட்டேன்னு நீ வந்து சொல்லியிருந்தா, வேனை நிப்பாட்டியிருப்பேன். வேர்த்துருச்சுன்னு சொன்ன பாத்தியா."

ஜூன் 24, செவ்வாய்

நான் மாறப்போவதில்லை, அது எனக்கே தெரியும். அரை மணி நேரம் சும்மா நிற்கச் சொன்னால் மறுபடி ஏதாவது செய்வேன். அதனால் இன்று எட்டரைக்கு உள்ளே வந்ததும் முதல் வேலையாக ஐஸ் பேக்கை மேஜையில் பரப்பி, நேரத்தை எழுதிவிட்டு, ரேக் பக்கம் ஓடிவிட்டேன். நாற்பது ஐட்டம் எடுத்துவிட்டுத் திரும்பினால் வேர்த்து நிற்கிறது. அண்ணே சீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜூன் 30, திங்கள்

அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். இருபத்தைந்து நிமிடம். ஒரு 'சரி' அல்லது 'வேண்டாம்' சொல்ல இந்த மனுசனுக்கு எம்புட்டு நேரம்? வெளியே வந்து நேராக ஸ்டாக் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கேட்கவில்லை. நான், கேட்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

வருகைப் பதிவேட்டில் புது மாதப் பக்கம். சத்யப்ரியா என்று என் பெயர் பேனாவில் எழுதியிருக்கிறது. மூன்று மாதமாகப் பென்சிலில்தான் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தள்ளித் தள்ளி நிற்கிற அந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 2, புதன்

முன்பெல்லாம் ஒரு பெட்டியை என்னிடமே விட்டுவிடுவார். இப்போது பெட்டிக்கு எட்டு ஐஸ் பேக்கையும் அவரே காதில் வைத்துக் கேட்கிறார். நான் பக்கத்தில் நிற்கிறேன். இன்று ஏழு முடிந்ததும், எட்டாவதை என்னிடம் நீட்டினார்.

ஆட்டிப் பார்த்தேன். மறுபடி ஆட்டினேன். வெளியே ராம்கி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் சத்தம் வரலண்ணே."

வாங்கி மேஜையில் வைத்தார். நான் வாசலுக்குப் போய், அஞ்சு நிமிஷம் ஆகும் என்று ராம்கியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.