ஹுவே தெருவில் குடித்த கஞ்சி

மாப்ளே,

இன்று காலை பரணிலிருந்து உன் முதுகுப்பையை இறக்கினேன். ஜிப்பைத் திறந்ததும் வீடு முழுக்க மீமிசல் கடற்கரையின் கருவாட்டு வாடை. வியட்நாமில் ஊருக்கென்று ஆசையாக வாங்கி, பைக்குள்ளேயே நீ உடைத்துவிட்ட மீன் சாற்றுப் பாட்டில். எத்தனை வெயிலில் போட்டாலும் போகாது போலிருக்கிறது. "அறந்தாங்கியே நாறுதுங்க, தூக்கிப் போட்டுத் தொலைங்க" என்றாள் என் மனைவி. பிறகு அவளே அதை உதறி, மடித்து, ஜன்னலோரம் வைத்தாள்.

புதுக்கோட்டையில் உன் வாடகை அறையைக் காலி செய்ய வந்த உன் தம்பி என்னிடம் கொடுத்துவிட்டுப் போன பை அது. நீ போய் நாளையோடு ஒரு வருஷம்.

நான் சவூதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பியபோது ஊரே மாடி கட்டச் சொன்னது. நீ ஒருத்தன்தான், "இத்தன வருசம் மணலையே பாத்துட்டு வந்திருக்கே. வாடா பாய், பச்சையா ஒரு நாட்டப் பாத்துட்டு வருவோம்" என்றாய். உன் பாட்டன் கப்பலேறிப் போய்க் கடை நடத்திய நாடு. பேரன் போனதோ பட்டினி கிடக்க. ஒரு நாளைக்கு ஆளுக்கு எண்ணூறு ரூபாய், அதற்குமேல் சல்லிக்காசு கிடையாது என்று சட்டம் போட்டாய். அந்த ஊர்ப் பணத்தில் ஒரு டீயே ஆயிரக்கணக்கில். லட்சங்களைப் பையில் வைத்துக்கொண்டு நீ டீக்கு யோசிப்பாய். "செட்டியாரே, இந்தக் காச என்ன வயித்துலயா கட்டிக்கிட்டுப் போகப்போறே?" என்று நான் கத்துவேன். ஐம்பதைத் தாண்டிய நாம் இரண்டு பேரும் இளவட்டங்களோடு அடுக்குக் கட்டிலில் படுத்தோம். எனக்கு ஆகிற ஹலால் கறி எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் நான் சைவத்துக்கு மாறினேன். ஞாயிற்றுக்கிழமை கோழி இல்லாவிட்டால் முகம் தொங்கிப்போகும் நீயும் எனக்காக மாறினாய். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஹுவே நகரத்தில் அந்த மதியம். நம் ஊரில் ஆடி மாசம். நல்ல பசி, நல்ல வெயில். ஒரு வீட்டு வாசலுக்கு வெளியே மேஜை போட்டு, சின்னச் சின்னக் கிண்ணத்தில் கஞ்சி, பொரி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கரும்புத் துண்டு, ஊதுபத்தி. உனக்கு வாயெல்லாம் பல். "அட, இங்கிட்டும் ஆடிக் கூழு ஊத்துறாய்ங்கடா!" என்று உட்கார்ந்துவிட்டாய். நானும் உட்கார்ந்தேன். ஆளுக்கு இரண்டு கிண்ணம் குடித்தோம்.

வீட்டுக்கார அம்மா வெளியே வந்ததும் நான் காசை எடுத்து நீட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே மகளைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினாள். சோறு வைக்க ஆளில்லாமல் செத்தவர்களுக்கு வைப்பதாம். வருகிறவர் போகிறவர் எடுத்துச் சாப்பிட்டால் வீட்டுக்கு நல்லதாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தாய்.

மாலை ரயிலில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாய். "கல்யாணம் ஆனாத்தான்டா எங்க கோயில்ல ஒரு புள்ளி, ஒரு குடும்பம்னு கணக்கு. கட்டிக்காத நான் கணக்குலயே இல்ல. செத்தா எனக்கு எவன் வைப்பான்?"

"நான் வைக்கிறேன். வாய மூடிட்டு வா."

"ஒங்க மார்க்கத்துல ஒத்துக்க மாட்டாங்களேடா."

"ஒத்துக்கிற மாதிரி வைக்கிறேன்."

பேச்சை மாற்றத்தான் சொன்னேன். நீ அதை நம்பி அன்றைக்கு நன்றாகத் தூங்கினாய்.

போன வாரம் உன் தம்பிக்குச் சென்னைக்குப் போன் போட்டேன். "தலைத்திவசம் எங்க செய்றீங்க தம்பி?" என்று கேட்டேன். "புள்ளகுட்டி இல்லாத மனுசன். யாரு உக்காந்து செய்றதுன்னே தெரியல பாய்" என்றார். கெட்டவர் இல்லை. அப்படியும் எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். உனக்காகப் பாத்திஹா ஓதப் பள்ளிவாசல் அசரத்தைக் கூப்பிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"வேற மார்க்கத்து ஆளுக்கு ஓதச் சொல்லி அவங்கள ஏங்க சங்கடப்படுத்துறீங்க? பசிச்ச வயித்துக்குக் குடுக்க யாருகிட்ட கேக்கணும்? அண்ணனுக்கு நான் கஞ்சி காய்ச்சுறேன்" என்றாள்.

நாளைக்கு வைப்பதாக இருந்தது. இந்தப் பையைத் திறந்த பிறகு பொறுக்கவில்லை, இன்றைக்கே வைத்துவிட்டோம். வாசலில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பானை. முதலில் வந்தது கீரைக்கார அம்மா.

"என்ன பாய், நோம்பு மாசங்கூட இல்ல, கஞ்சி ஊத்துறீங்க?"

"எங்க வீட்டு ஆளு ஒருத்தர் தவறிட்டாருங்க."

"கூடப் பொறந்தவரா?"

"ஆமாங்க" என்றேன். அந்தம்மாவுக்குக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பானை காலியாகிவிட்டது, மாப்ளே. உனக்கு வந்து சேர்ந்ததா என்று யாரிடம் கேட்பது? எங்கள் பள்ளிவாசலிலும் கேட்க முடியாது, உங்கள் கோயிலிலும் கேட்க முடியாது. அடுத்த வருஷமும் வைப்பேன், கால் நடக்கிறவரை வைப்பேன். எனக்கு மூன்று பிள்ளைகள், எனக்காக இறைவனிடம் கையேந்துவார்கள். நானும் போன பிறகு உனக்கு யார் வைப்பார்கள் என்பதுதான் என் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது.